கல்லாப்பெட்டி வரை கொண்டுபோகும் செயலி

பணம் கற்பிக்கும் செயலி எதைத் திறந்தாலும் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது ஒரு கூட்டல் கணக்கு. திரையில் நாலைந்து நாணயங்கள், ‘மொத்தம் எவ்வளவு?’ என்று ஒரு கேள்வி, சரியாகத் தொட்டால் கைதட்டல். அறிவுசார் குறைபாடுள்ள இருபது வயதுக்காரர் ஒருவர் இந்தத் திரைமுன் மாதக்கணக்கில் உட்கார்ந்து கைதட்டல்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். தெருமுனையில் ஒரு டீயும் பன்னும் வாங்க அப்போதும் வீட்டிலிருந்து யாராவது கூடப் போக வேண்டியிருக்கும்.

சிறப்பாசிரியராகவோ, தொழிற்பயிற்சி மையத்திலோ, இப்படிப்பட்ட செயலிகளை எழுதும் நிறுவனத்திலோ வேலைக்குச் சேர நினைக்கிறவர்களுக்கானது இந்தக் கட்டுரை. ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தால் மற்றவை தானாக ஒழுங்குக்கு வரும். இங்கே பாடத்தின் பெயர் ‘வாங்குவது’. கணக்கு வராதவர்களும் வாங்கலாம், வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. சென்னையின் விஜய் ஹியூமன் சர்வீசஸில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மதிப்பீட்டு முறை ஒன்று உண்டு. மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம் என்பது முழுப்பெயர். சிறப்புப் பள்ளிகளில் ‘எம்டிபிஎஸ்’ என்றால்தான் தெரியும். மொத்தம் 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 திறன்கள், ஆக 360. அதில் எண் ஒரு பிரிவு, நேரம் ஒரு பிரிவு, பணம் இன்னொரு பிரிவு. அவர்கள் பிரித்து வைத்த எண்ணையும் பணத்தையும் இன்றைய செயலிகள் மறுபடி ஒட்டவைத்துவிடுகின்றன. நேர்காணலுக்குப் போகுமுன் அந்தப் பணப் பிரிவின் இருபது வரிகளையும் படித்துவிடுங்கள். பாடத்திட்டம் எழுத உட்காரும்போது டாலரில் யோசிக்கும் எந்த இறக்குமதிப் பட்டியலையும்விட அது உங்களுக்கு உதவும்.

இன்னும் ஒரு நோட்டு

சில்லறையைக் கூட்டத் தெரியாதவருக்கு வாங்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? 1993-இல் அமெரிக்கச் சிறப்புக் கல்வி ஆய்விதழ் ஒன்றில் டேவிட் டெஸ்ட்டும் உடன் மூவரும் எழுதிய கட்டுரை இதற்கு ஓர் உத்தியைப் பேசுகிறது. விலை மூன்று டாலரும் சில சென்ட்டும் என்றால், சென்ட்டைக் கண்டுகொள்ள வேண்டாம். மூன்று டாலரை எண்ணு, இன்னும் ஒன்றைச் சேர், கொடு, மீதிக்கு நில். அவ்வளவுதான். இந்தத் துறையில் இருப்பவர்கள் ‘ஒன்று கூட’ உத்தி என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

நம் ஊரில் டாலர் இருந்த இடத்தில் பத்து ரூபாய் நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். விலை 43 ரூபாய். ‘நாப்பத்தி…’ என்று காதில் விழுந்ததும் நாலு நோட்டு. பிறகு இன்னும் ஒன்று. ஐந்து நோட்டைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டி நிற்க வேண்டும். விலை சரியாக 40 ஆக இருந்தாலும் கெடுதல் இல்லை. கடைக்காரர் ஒரு நோட்டைத் திருப்பித் தந்துவிடுவார். பத்து வரை எண்ணத் தெரிந்த ஒருவர் இந்த ஒரே வழியில் நூறு ரூபாய்க்குள் எதையும் வாங்கிவிடலாம். கூட்டல் பாடத்தில் இரண்டு வருடம் தேங்கி நின்றவருக்கு இது கதவு திறந்த மாதிரி.

தமிழில் விலையைச் சொல்லும்போது பத்துதான் முதலில் வருகிறது என்பது நமக்கு வாய்த்த வசதி. ஆனால் 90-களில் கவனம் தேவை. ‘தொண்ணூத்தி’ என்ற சொல்லில் ஒன்பதும் தெளிவாகக் கேட்பதில்லை, நூறு வேறு உள்ளே ஒலிக்கிறது. அதைத் தனிப் பாடமாக வையுங்கள். செயலிக்குக் குரல் பதிவு செய்யும்போதும் இதே எச்சரிக்கை: ‘நாற்பத்து மூன்று ரூபாய்’ என்று செய்தி வாசிப்பவர் குரலில் பதிந்து வைத்தால், ‘நாப்பத்திமூணு குடுப்பா’ என்கிற கடைக்காரர் முன்னால் பயிற்சி பெற்றவர் திகைத்து நிற்பார். ஆண் குரல், பெண் குரல், அவசரக் குரல், பின்னால் பஸ் சத்தத்தோடு ஒரு குரல் என்று பலவும் வேண்டும். குரல் கலைஞரைத் தேடி அலைய வேண்டாம். மளிகைக் கடைக்காரர்கள் நாலு பேரிடம் அனுமதி கேட்டுப் பதிந்து வாருங்கள்.

இனி உண்மையான சிக்கல். ஐந்து நோட்டைக் கொடுத்ததும் கடைக்காரர் ஏழு ரூபாயை எடுத்துக் கொடுப்பதில்லை. ‘மூணு ரூபா சில்லறை இருக்கா?’ என்பார். அல்லது பத்து நிமிடம் மற்ற வாடிக்கையாளரைக் கவனிப்பார். அல்லது சில்லறைக்குப் பதிலாக இரண்டு மிட்டாயை நீட்டுவார். ‘நாளைக்கு வாங்கிக்கோ’ என்பதும் உண்டு. நான் பார்த்த செயலிகளில் இந்த இடம்தான் காலியாகவே இருக்கிறது. திரையில் உள்ள கடைக்காரர் எப்போதும் சிரித்துக்கொண்டே சரியான மீதியைத் தருகிறார்.

இதற்கு நீண்ட உரையாடல் எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ‘இல்லண்ணா, மீதி குடுங்க’ என்ற ஒரு வரி போதும். பெண் கடைக்காரர் என்றால் ‘இல்லக்கா’. பேச்சு வராதவருக்கு இதே வரி அவருடைய பேச்சுத் துணைக் கருவியில் ஒரு பொத்தானாக இருக்க வேண்டும். சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற பேச்சுத் துணைச் செயலியைப் பயன்படுத்துகிறவர் என்றால், கடைக்கென்று தனிப் பக்கம் ஒன்று போட்டுக் கொடுங்கள். ‘எவ்வளவு?’, ‘இது வேண்டாம்’, ‘மீதி குடுங்க’, ‘பில் வேணும்’. பணம் கற்பிக்கும் மென்பொருளும் பேச்சுத் துணை மென்பொருளும் ஒரே பாடத்தின் இரண்டு பாதிகள். இரண்டையும் வேறு வேறு ஆள், வேறு வேறு நாளில் கற்பித்தால் கடையில் அவை ஒன்றுசேராது.

நோட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

கற்பிக்கப் போகிறவர் முதலில் தன் பணப்பையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். 2016 முதல் வந்த புதிய வரிசையில் 10 ரூபாய் சாக்லேட் பழுப்பு, 20 பச்சை கலந்த மஞ்சள், 50 பளிச்சென்ற நீலம், 100 இளம் ஊதா, 200 பளிச் மஞ்சள், 500 சாம்பல். பழைய வரிசை நோட்டுகளும் கூடவே புழங்குகின்றன. ஆகவே ‘நூறு என்றால் ஊதா’ என்று கற்றுக்கொடுத்தால், பழைய நூறு கைக்கு வந்த அன்றே பாடம் கலைந்துவிடும். புதிய 20-உம் 200-உம் மங்கிய விளக்கில் பெரியவர்களையே ஏமாற்றுகின்றன. பத்து மடங்கு நஷ்டம் வரும் குழப்பம் இது. நிறத்தை முதல் அடையாளமாக வைக்கலாம். எண்ணைப் பார்த்து உறுதிசெய்வதை அன்றே கூடச் சேர்த்துவிட வேண்டும்.

பார்வைத்திறன் குறைபாடுள்ளவருக்கு நிறம் உதவாது, அளவும் பெரிதாக உதவாது. 200 ரூபாய் நோட்டின் நீளம் 146 மில்லிமீட்டர், 500-இன் நீளம் 150. அகலம் இரண்டுக்கும் 66-தான். நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை வரிசையில் நிற்கும்போது விரலால் அளந்து கண்டுபிடி என்பது கொஞ்சம் கொடுமை. ஓரங்களில் தடவிப் பார்க்கும் சாய்கோடுகள் உண்டு: 100-இல் நான்கு, 200-இல் நான்கு கோட்டோடு இரண்டு வட்டம், 500-இல் ஐந்து. நோட்டு கசங்கக் கசங்க அந்த மேடு தேய்ந்துவிடும். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ‘மணி’ செயலி நோட்டைக் கேமராவில் காட்டினால் எத்தனை ரூபாய் என்று குரலாலோ அதிர்வாலோ சொல்லும், இணையம் தேவையில்லை. அது நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது. இதைச் சொல்லியே கொடுங்கள், இல்லையென்றால் ‘செயலி ஓகே சொன்னதே’ என்று நம்பி ஏமாறுவார்கள்.

நாணயத்தில் இன்னும் குழப்பம். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் பல வடிவங்களில், ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் உலவுகின்றன. பன்னிரண்டு பக்கம் கொண்ட 20 ரூபாய் நாணயம் ஒன்றுதான் கைக்குச் சட்டென்று பிடிபடுகிறது. 10 ரூபாய் நாணயம் தமிழ்நாட்டில் தனிக் கதை. செல்லும் என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சொல்லியும் வாங்க மறுக்கும் கடைகள் இருந்தன. ‘இது செல்லாது தம்பி’ என்று ஒருவர் சொன்னால், விதிகளை எழுத்துக்கு எழுத்து நம்பும் ஆட்டிசம் உள்ள இளைஞருக்கு அன்றைய நாளே கெட்டுவிடும். பயிற்சியில் நோட்டோடு நிறுத்திக்கொண்டு நாணயத்தை மீதியாக வாங்கிவைக்க மட்டும் முதலில் பழக்குங்கள். கொடுப்பதற்கு நாணயத்தைப் பயன்படுத்துவது பிறகு வரட்டும், வராமலும் போகட்டும்.

செயலி எழுதுகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். திரையில் நாணயமும் நோட்டும் உண்மையான அளவில் தெரிய வேண்டும்; போனுக்குப் போன் அளவு மாறும் என்பதால் முதல் தடவை திறக்கும்போதே ஓர் ஏடிஎம் அட்டையைத் திரைமேல் வைத்து அளவைச் சரிசெய்யும் வசதி கொடுங்கள். உலகம் முழுக்க அந்த அட்டையின் நீளம் 85.6 மில்லிமீட்டர்தான். இரண்டாவது, பயிற்சிக்காக நிஜ நோட்டுப் போலவே அச்சிட்டுக் கொடுக்கும் ஆசை யாருக்கும் வரும். வேண்டாம். நோட்டை ஒத்த தாளைத் தயாரிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 182-ஆம் பிரிவின்படி குற்றம். விளையாட்டு நோட்டுகளிலோ நிறமும் தாளும் வேறு. அவற்றில் கற்றது கடைக்கு வராது. திரையில் குறுக்கே ‘மாதிரி’ என்று எழுதிய படம், கையில் உண்மையான பத்து ரூபாய் நோட்டுகள். மையத்தின் செலவுக் கணக்கில் அந்தச் சின்னத் தொகையை எழுதத் தயங்கும் நிர்வாகியிடம் வாதாடி வாங்குவதும் உங்கள் வேலைதான்.

பஸ் டிக்கெட் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் பணம் கற்பிப்பதன் முதல் வகுப்பே அதுதான். இப்போது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயணம் இலவசம். நல்லதுதான். ஆனால் பழைய பாடத்திட்டத்தை அப்படியே திரைக்கு ஏற்றிய செயலி இன்னும் கண்டக்டரிடம் சில்லறை நீட்டச் சொல்லிக்கொண்டிருந்தால், அதை எழுதியவர் அண்மையில் பஸ்ஸில் ஏறவில்லை என்று அர்த்தம்.

க்யூஆர் வந்த பிறகு

‘இனிமேல் யார் சார் நோட்டு கொடுக்கிறார்கள்? நேரே யுபிஐ கற்றுக்கொடுத்துவிடலாமே’ என்று பெற்றோர் கேட்பார்கள். பாதி நியாயம். சில்லறைத் தகராறு இல்லை, மீதி வாங்க வேண்டாம், கைநடுக்கம் உள்ளவர் நோட்டைப் பிரித்தெடுக்கப் போராட வேண்டாம். எதிர்ப்பக்கம், பணம் கண்ணுக்குத் தெரியாது. பையில் இருந்த ஐந்து நோட்டு மூன்றானால் குறைந்தது தெரியும். திரையில் ஓர் எண் சிறிதானால் பலருக்கு எதுவும் தெரியாது. அதனால் நோட்டோடு தொடங்கி, நோட்டைக் கைவிடாமல் போனைச் சேர்ப்பதே என் கட்சி. எண் பிடிபடுகிற, கை மட்டும் ஒத்துழைக்காத மூளை முடக்குவாதம் உள்ளவருக்கு இது பொருந்தாது. அவருக்கு முதல் நாளே போன்தான்.

தேசிய கொடுப்பனவுக் கழகம் 2024 ஆகஸ்ட்டில் கொண்டுவந்த ‘யுபிஐ சர்க்கிள்’ இந்தத் துறைக்காகவே செய்தது போல இருக்கிறது. ஒருவர் தன் கணக்கிலிருந்து செலவழிக்க ஐந்து பேர் வரை சேர்க்கலாம். பகுதி அனுமதியில், சேர்க்கப்பட்டவர் ஒவ்வொரு முறை க்யூஆரை ஸ்கேன் செய்யும்போதும் கணக்குக்காரரின் போனுக்கு ஒப்புதல் கேட்டு வரும். முழு அனுமதியில் ஒப்புதல் கேட்காது. மாதம் 15,000, ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு, அதற்குக் கீழே நாமே குறைத்து வைத்துக்கொள்ளலாம். சேர்க்கப்பட்டவருக்கு வங்கிக் கணக்கே இல்லாவிட்டாலும் முடியும். பகுதி அனுமதியில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு சிறு தொகைக்கு முழு அனுமதிக்கு மாற்றுவது நல்ல பயிற்சி வரிசை. மாற்றும் தேதியை முன்கூட்டியே குறித்து வையுங்கள். குறிக்காவிட்டால் மகனுக்கு முப்பது வயதாகும்போதும் அம்மாவின் போன்தான் டீக்கு ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருக்கும்.

கடையில் ‘பணம் வந்துவிட்டது’ என்று சத்தமாகச் சொல்லும் பெட்டி அறிவுசார் குறைபாடுள்ளவருக்கு அருமையான முடிவுக் குறி: அது பேசும்வரை நகராதே. செவித்திறன் குறைபாடுள்ளவருக்கு அது பயனில்லை. அவருக்குத் தன் திரையில் பச்சை டிக், கூடவே கடைக்காரரின் தலையசைப்பு.

ஏமாற்றைப் பற்றி நீண்ட விரிவுரை வேண்டாம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையில்லை; யாராவது கேட்டால் போனைப் பையில் போட்டுவிட்டு நடந்துவிடு. இந்த ஒன்றைப் படக்கதையாக, பல முகங்களோடு, பலமுறை. பணம் போய்விட்டால் 1930 என்ற எண், அதை அழைக்க உதவும் ஒருவரின் படம் போனின் முகப்பிலேயே. பயிற்சிச் செயலி எழுதுகிறவர் பிரபலமான கட்டணச் செயலி ஒன்றின் திரையை அச்சு அசலாக நகலெடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டியது போலவே காட்டும் போலிச் செயலிகளை வைத்துக் கடைக்காரர்களை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பயிற்சித் திரையில் ‘பயிற்சி’ என்ற எழுத்து எப்போதும் தெரியட்டும். இல்லையென்றால் உங்கள் மாணவரே ஒரு நாள் தெரியாமல் அதைக் கடையில் காட்டி மாட்டிக்கொள்வார்.

அரை மணி நேரத்தில் எடைபோட

மையம் ஒரு செயலியை வாங்கலாமா என்று உங்களிடம் கேட்கிறது. விளம்பரக் காணொளியை மூடிவிட்டு, முதலில் வேண்டுமென்றே தப்பான விடை கொடுங்கள். என்ன நடக்கிறது? தப்புக்குப் பெரிய சத்தமும் குலுங்கும் சிவப்புச் சிலுவையும் வந்தால், பல பிள்ளைகளுக்குச் சரியான விடையைவிடத் தப்பான விடைதான் வேடிக்கை. அதற்காகவே மறுபடி மறுபடி தப்பாகத் தொடுவார்கள். அடுத்து, எதையும் தொடாமல் சும்மா இருங்கள். சில நொடியில் சரியான விடை தானே மின்னினால், மாணவர் கற்றுக்கொள்வது பணத்தை இல்லை, காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார். உதவி முதலில் நிறைய, போகப் போகக் குறைய வேண்டும். அப்படிக் குறைக்கும் அமைப்பு ஆசிரியர் கையில் இருக்கிறதா என்று தேடுங்கள். இந்த இரண்டிலும் தோற்ற செயலியை மேற்கொண்டு பார்ப்பதே வீண் என்பது என் எண்ணம்.

தேறிவிட்டால் மேலே போகலாம். நோட்டை விரலால் இழுத்துப் போட வேண்டியிருக்கிறதா? கை ஒத்துழைக்காதவருக்கு இரண்டு தொடுதலில் அதையே செய்யும் மாற்று வழி வேண்டும்; வெளி ஸ்விட்ச் ஒன்றை அழுத்தியும் இயங்க வேண்டும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கை இயக்கிவிட்டுத் திரையைத் தடவிப் பாருங்கள். ‘ஐம்பது ரூபாய் நோட்டு’ என்று சொல்லாமல் ‘பெயரிடாத படம்’ என்று சொன்னால் பார்வையற்றவருக்கு அது வெற்றுக் கண்ணாடி. விலைகள் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் வருகின்றனவா? அப்படியானால் மனப்பாடம்தான் நடக்கும்.

பிறகு முகம். இருபத்தைந்து வயதுக்காரருக்குத் தொப்பி போட்ட கரடிக்குட்டி வந்து ‘சபாஷ் செல்லம்’ என்று சொல்லக் கூடாது. அவர் சிரிக்கவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். செயலியைத் திறப்பதை நிறுத்திவிடுவார். கடைப் படங்கள் அவர் போகும் கடை போல இருக்கட்டும். ஆவின் பூத், ரேஷன் கடை, செல்போன் ரீசார்ஜ் கடை, மருந்துக் கடை. சொந்தத் தெருக் கடையின் படத்தை ஆசிரியரே எடுத்துச் சேர்க்க முடிகிற செயலி கிடைத்தால் வேறு குறைகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, அறிக்கை. நட்சத்திரமும் சதவீதமும் ஆசிரியருக்குப் பயன்படாது. எந்தப் படியில் நின்றார், எவ்வளவு உதவி தேவைப்பட்டது, எந்தக் கடையில்? மூன்றாவது கேள்விக்குச் செயலியால் பதில் சொல்ல முடியாது. நீங்கள்தான் கூடப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். திரையில் தேறியதைத் தேர்ச்சி என்று எழுதாதீர்கள். பழகிய கடையில் ஒன்று, பழகாத கடையில் ஒன்று, கூட்டமான நேரத்தில் ஒன்று. நீங்கள் எதிர்ப்பக்கத் தெருவில் நிற்க, அவர் வாங்கி வந்தால் அன்று எழுதலாம்.

வேலை எங்கே, எப்படி

கற்பிக்கும் வேலைக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு கட்டாயம். சிறப்புக் கல்வியில் பட்டயமோ பி.எட்.-டோ முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். குழுமத்தின் அங்கீகாரம் இல்லாத குறுகிய காலச் சான்றிதழ்களுக்குப் பணம் கட்டுமுன் யோசியுங்கள். சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் பயிற்சிக்கும் களப் பார்வைக்கும் நல்ல இடம். பள்ளி வேலையைப் பொறுத்தவரை, 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன விகிதம் நினைவிருக்கட்டும்: தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர். இந்த விகிதத்தை எட்ட வேண்டுமானால் பணியிடங்கள் உருவாகியே தீர வேண்டும்.

மென்பொருள் பக்கம் வருகிறவருக்குப் பட்டத்தைவிடச் செய்துகாட்டிய வேலை முக்கியம். ஒரு டீ வாங்குவதை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பிரித்து எழுதுங்கள். கடை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் மீதியைப் பையில் போட்டுத் திரும்புவது வரை. பத்துப் படிக்குள் முடித்துவிட்டால் ‘வரிசையில் நிற்பது’, ‘யாராவது இடையில் நுழைந்தால்’ போன்றவற்றை விட்டிருப்பீர்கள். அதில் ஏதாவது ஒரு படிக்குப் பவர்பாயின்டிலேயே ஒரு பயிற்சித் திரை செய்யுங்கள். ஒரு மாணவரோடு, அவருடைய சம்மதத்தோடும் பெற்றோர் அறியவும், முயன்று பார்த்து என்ன மாற்றினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். இந்தத் துறையில் ஆளெடுக்கிறவருக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

அணுகல் சோதனையாளர் என்ற வேலை இப்போது வளர்கிறது. தகவல் தொழில்நுட்பத்துக்கான ஐஎஸ் 17802 அணுகல் தரம், மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளின் 2023 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. வங்கிகளின் அடையாளச் சோதனையில் கண் சிமிட்டச் சொல்வது பார்வையற்றவர்களை வெளியே தள்ளுகிறது என்ற வழக்கில், டிஜிட்டல் அணுகலும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிச் செயலிகளைச் சோதிக்கும் வேலையை மாற்றுத்திறனாளிகளே செய்ய வேண்டும், கூலிக்குச் செய்ய வேண்டும். ‘கருத்துக் கேட்டோம்’ என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பும் பழக்கம் நல்ல எண்ணமுள்ள நிறுவனங்களிலும் இருக்கிறது. நீங்கள் திட்ட மதிப்பீடு எழுதும் இடத்துக்கு வந்தால், அதற்கு ஒரு வரி போட்டு எதிரே தொகையையும் எழுதுங்கள்.

செயலி சேர்க்கும் விவரங்களில் ஒருவர் எங்கே, எதை, எவ்வளவுக்கு வாங்கினார் என்பதெல்லாம் இருக்கும். சட்டப்படிப் பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளியின் விவரத்தைக் கையாள, உறுதிசெய்யத்தக்க வகையில் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பாதுகாவலர் இல்லாத வயதுவந்தவரின் சம்மதத்தை அவரிடமே, அவருக்குப் புரியும் படங்களோடு வாங்க வேண்டும்.

முதல் சம்பளம்

இவ்வளவு பயிற்சியும் எதற்கு என்பது ஒருவர் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் நாளில் தெரியும். கேண்டீனில், அச்சகத்தில், பேக்கிங் பிரிவில் அவர் வேலை செய்கிறார். சம்பளம் வங்கிக்கு வருகிறது. ஏடிஎம் அட்டை அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. பணப் பயிற்சியின் பெரிய தடை கணக்கும் இல்லை, செயலியும் இல்லை. இந்தச் சட்டைப் பைதான்.

சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை ஏற்கெனவே பல வீடுகளில் வந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு சிறு பகுதியிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தன் நிதி விவகாரங்களைத் தானே கையாளும் உரிமையைத் தருகிறது. துணை செய்கிறவருக்கும் அவருக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலில் நலன் முரண்பட்டால், துணை செய்கிறவர் அதிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. துணை செய்கிறவர் என்பதில் நீங்களும் அடக்கம். மாணவருடைய பின் நம்பர் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்துவிட்டால் மாற்ற உதவிவிட்டு மறந்துவிடுங்கள்.

ஆனால் பெற்றோரிடம் பேசப் போகும்போது சட்டப் பிரிவோடு போகாதீர்கள். அவர்களுடைய பயத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. யாரோ ஏமாற்றி வாங்கிக்கொண்ட கதை ஒன்று பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். ‘அட்டையைக் கொடுத்துவிடுங்கள்’ என்று கேட்பதற்குப் பதில், மாதம் 500 ரூபாயை ஐம்பது பத்து ரூபாய் நோட்டாக அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அப்பாவுக்கு அது கஷ்டமாக இருக்கும், அம்மாவுக்கு அதைவிடக் கஷ்டம். இரண்டு மாதம் போனால் தொகையைக் கூட்டலாம், பிறகு போனில் ஒரு பகுதி, அதற்குப் பிறகு அட்டை. அந்த முதல் 500 முழுவதையும் அவர் வாழைக்காய் பஜ்ஜிக்கே செலவழித்தாலும் உங்கள் பதிவேட்டில் கடையின் பெயர், தேதி, ‘உதவியின்றி வாங்கினார்’ என்பதை மட்டும் எழுதுங்கள்.